குதிரைக்கு மேல் இருந்த முகம்

லிண்டன்மோஸ்
11.02.1996

மலர்,

உமது கடிதம் வந்தது. ‘அன்புள்ள தம்பி யாகோப்புக்கு’ என்று தொடங்கி ‘இப்படிக்கு அண்ணி’ என்று முடித்திருந்தீர். எட்டு வருடத்துக்கு முன் பாசையூர் அந்தோனியார் கோயிலில் உமக்குத் தாலி கட்டிய மனுசன் நான். என்னைத் தம்பி என்று எழுத உமது கை கொஞ்சமும் கூசவில்லையா?

அகதிகளை வைத்திருக்கும் இந்த ஹைமில் கடிதங்களைக் கட்டிடத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டர்தான் தருவார். காலை பத்து மணிக்கு வாசலில் நின்று ஒவ்வொரு பேராக உரத்து வாசிப்பார். கையைத் தூக்கியவர் போய் வாங்க வேண்டும். அவர் ‘யாகோப்’ என்று கூப்பிட, நான் வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் தரம் பக்கத்தில் நின்ற எதியோப்பியக்காரன் விலாவில் இடித்தான். அப்போதுதான் யாகோப்பு நான் என்பது எனக்கே ஞாபகம் வந்தது.

கிளாலிக் கடலில் போய் உடம்பும் கரைசேராத என் தம்பியின் பேரையும் பிறந்த திகதியையும் எடுத்து உடுத்திக்கொண்டு இருக்கிறேன். நாலு வயது குறைந்தது ஒன்றுதான் இலாபம். என் சொந்தப் பேர் கிறிஸ்தோப்பர் என்று சொல்ல ஏலாது, அவன் செத்துப்போனான். செத்தான் என்று ஜெர்மன் அரசாங்கத்துக்குச் சொன்னது அவனுடைய பெண்சாதி. பூசா முகாமில் நாலரை வருடம் அடைத்து வைத்த ஆமிக்காரன்கூட என்னை உயிரோடு விட்டான், மலர். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது என்பார்களே, அதுதான் என் கதை.

அகதிக் கோரிக்கை முடியும்வரை நான் இந்த மாவட்டத்தின் எல்லையைத் தாண்டக்கூடாதாம். தாண்டிப் பிடிபட்டால் முதல் தரம் தண்டம், பிறகு மறியலில் அடைப்பார்கள். எல்லை என்றால் முள்வேலி ஒன்றும் இல்லை. ஒரு மஞ்சள் பலகை, அதற்கு அந்தப் பக்கம் ஒரு சோளத் தோட்டம். பின்னேரங்களில் அந்தப் பலகை மட்டும் நடந்துபோய்விட்டுத் திரும்பி வருவேன்.

சும்மா இருக்கக்கூடாது என்று இங்குள்ள பழைய மாளிகை மியூசியத்தில் கூட்டித் துடைக்க விட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு அறை நிறையப் பாரசீகத்து ராசாக்கள் குதிரையில் இருக்கிறார்கள், எல்லாம் கொப்பித்தாள் அளவுப் படங்கள். பகலில் அவர்களோடுதான் என் சகவாசம்.

லாரா எப்படி? என்னைப் பற்றி அவளுக்கு என்ன சொல்லியிருக்கிறீர்?

கிறிஸ்தோப்பர்


ஹம்
24.02.1996

அன்புள்ள தம்பி யாகோப்புக்கு,

மேலே அப்படித்தான் எழுதுவேன். கோபித்தால் கோபியுங்கள். என் தபாற்பெட்டிக்குப் பூட்டு இல்லை, பக்கத்து வீட்டில் இருப்பவர்களும் எங்கள் ஆட்கள்தான். நீங்கள் கீழே போட்ட பேரைக் கத்தரிக்கோலால் வெட்டி அடுப்பில் போட்டேன். இந்தக் கடிதத்தை வாசித்ததும் கிழியுங்கள்.

ஸ்ரூடியோவுக்குப் பிலிம் வாங்கக் கொழும்புக்குப் போன மனுசன், தொண்ணூறாம் ஆண்டு ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கிய கிழமையில், வவுனியாவில் பிடிபட்டார் என்று ஒரு லொறிக்காரன் வந்து சொன்னான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பிள்ளைக்கு ஒரு வயது. ஒரு வருடம் முழுக்க விசாரித்தேன். யாரும் ‘இருக்கிறார்’ என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் இங்கே வந்தேன். அகதிக் கேஸ் எழுதித் தந்தது ஜேசுரட்ணம் அண்ணை. இங்கே வந்த பாதிப்பேருக்கு அவர்தான் எழுதினார். “பிள்ளை, காணாமல் போனார் எண்டு சொன்னால் இவங்கள் தேடிப் பாருங்கோ எண்டுவாங்கள். ஆமி சுட்டது எண்டு சொல்லு. செத்தவையைத் தேடச் சொல்ல மாட்டாங்கள்” என்றார். நானும் சொன்னேன். சொல்லும்போது பொய் சொல்லுகிறேன் என்று நினைக்கவில்லை. பாதி நம்பித்தான் சொன்னேன். அழுதுதான் சொன்னேன். மொழிபெயர்த்த பெண்ணும் அழுதாள்.

சொன்ன பிறகு சும்மா இருக்க முடியுமா? புருசன் செத்தவள் பூசை வைக்காமல் இருந்தால் சனம் கதைக்காதா? முப்பத்தோராம் நாள் பூசை வைத்தேன். அதற்குப் பிறகு வருடாவருடம் ஜூன் மாதம் ஆண்டுப் பூசை. கறுப்பு உடுத்தேன். உங்கள் படத்துக்கு முன்னால் லாரா ஒவ்வொரு ஞாயிறும் மெழுகுதிரி கொளுத்துகிறாள். அப்பா மோட்சத்தில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் கொழும்பிலிருந்து நீங்கள் ரெலிபோன் எடுத்த அன்று என்ன நடந்தது தெரியுமா? ‘மலர்’ என்று கேட்டதும் நான் நிலத்தில் இருந்துவிட்டேன். சந்தோசம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். வேறு பேரில் வாருங்கள் என்று நான் சொன்னது உங்கள்மேல் பாசம் இல்லாமல் இல்லை. நீங்கள் உயிரோடு இருப்பது தெரிந்தால் என் அகதி அந்தஸ்தைத் திருப்பி எடுக்கலாம் என்று அண்ணை சொன்னார். எடுத்தால் பிள்ளையோடு எங்கே போவேன்? அவள் தமிழில் ஒன்று முதல் பத்து வரை எண்ணுவதற்குள் மூன்று தரம் ஜெர்மனுக்குப் போய் வருகிறாள்.

குழி பறித்தேன் என்கிறீர்கள். அந்தக் குழிக்குப் பக்கத்தில் ஐந்து வருடம் இருந்தது நான்.

அண்ணி


லிண்டன்மோஸ்
14.04.1996

மலர்,

சரி, சண்டை பிறகு பிடிப்போம். இன்றைக்கு ஒரு புதினம் சொல்ல வேண்டும், இங்கே சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

மியூசியத்தில் வீலண்ட் அம்மா என்று ஒருவர், பழைய படங்களைப் பழுது பார்ப்பவர். ஐம்பது வயது இருக்கும், மூக்கில் இரண்டு கண்ணாடி ஒன்றின்மேல் ஒன்றாக. போன கிழமை அவருடைய மேசையில் ஒரு படம் கிடந்தது. வெள்ளைக் குதிரை. காலும் வயிறும் வாலும் மட்டும் மருதோன்றி போட்டுச் சிவப்பாக்கியிருக்கிறது. அது ராசா வீட்டுக் குதிரை என்பதற்கு அடையாளமாம். மேலே ராசா. ஒருவன் பின்னால் குடை பிடிக்கிறான், ஒருவன் முன்னால் கடிவாளத்தைப் பிடித்து நடக்கிறான். வானம் முழுக்கத் தங்கம்.

நான் கூட்டுகிற தும்புக்கட்டையோடு நின்றபடியே பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்ன?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் சொன்னேன்: “இந்தத் தலை இந்த ஆளின்ரை இல்லை.”

உமக்குத் தெரியுமே, றெக்ஸ் அண்ணையின் ஸ்ரூடியோவில் ஆறு வருடம் எனக்கு வேலையே அதுதான். கலியாணப் பேச்சுக்குப் படம் கேட்டு வருகிறவர்களுக்குக் கோட்டு, ரை கட்டின வேறு ஒருவனின் உடம்பில் தலையை ஒட்டி எடுத்துக் கொடுப்பேன். அண்ணை சொல்லுவார், “முகத்தைப் பாக்காதை, முகத்தின்ரை ஓரத்தைப் பார்” என்று. இந்த ராசாவின் தலைப்பாகையைச் சுற்றி அரை விரற்கடை அகலத்துக்குத் தங்கம் வேறு தங்கம். யாரோ சுரண்டிவிட்டுத் திருப்பிப் பூசியிருக்கிறார்கள். கழுத்தும் உடுப்பின் கழுத்துப்பட்டியும் பொருந்தவில்லை. கடிவாளம் பிடிக்கிறவன் நிமிர்ந்து பார்க்கிற இடத்தில் ராசாவின் கண் இல்லை, காதுதான் இருக்கிறது.

வீலண்ட் அம்மா புதுப் பூச்சைக் காட்டிக்கொடுக்கிற ஊதா விளக்கைப் போட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னது சரி! ஒரு ராசா போய் இன்னொரு ராசா வந்தபோது, பழையவனின் முகத்தைச் சுரண்டிவிட்டுப் புதியவனின் முகத்தைப் போட்டிருக்கிறார்களாம். இருபது வருடம் அந்தப் படம் அங்கே இருக்கிறது, ஒருவரும் காணவில்லை. குதிரையை மட்டும் யாரும் தொடவில்லை. “அதுக்குத் தேவையில்லையே” என்றார் அவர். “அந்தக் குதிரையிலை ஆர் இருக்கிறானோ அவன்தான் ராசா.”

இப்போது விசயத்துக்கு வருகிறேன். தன் வேலைக்கு உதவியாளாக என்னை எடுக்கக் கேட்டு எழுதப்போகிறாராம். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து என்னையும் படத்தையும் சேர்த்துப் போட்டோ எடுக்கப் போகிறார். ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் தரமாக ஒரு மனுசி என்னை மனுசனாகப் பார்த்துக் கதைத்தார், மலர். அன்றைக்குப் பின்னேரம் அந்த மஞ்சள் பலகை மட்டும் நான் போகவில்லை.

கிறி


ஹம்
18.04.1996

தம்பி,

போட்டோ எடுக்க விட வேண்டாம்! கேஸ் கொடுத்தபோது எங்கள் கலியாணப் படத்தையும் கொடுத்தேன். உங்கள் முகம் என் பைலுக்குள் இருக்கிறது. பத்திரிகையில் யாகோப்பு என்று பேர் போட்டு அதே முகம் வந்தால்? அண்ணன் தம்பி முகம் ஒன்றுபோல இருக்கும் என்று சொல்லலாம்தான். ஆனால் எந்த அரசாங்கக் கந்தோரில் எந்த மேசையில் எது எதோடு சேரும் என்று யாருக்குத் தெரியும்? நான் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்களுக்கு வந்த சந்தோசத்தை விளக்கைப் போல நானே நூர்க்க வேண்டியிருக்கிறது. அதற்காக என்னை வெறுத்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று. ஜூன் பதினாறாம் திகதி ஞாயிற்றுக்கிழமை ஆண்டுப் பூசை. செத்தவரின் கூடப்பிறந்த தம்பி ஜெர்மனியில் இருப்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். சொந்தத் தமையனின் நினைவுப் பூசைக்கு என்று கேட்டால் எல்லை தாண்ட அனுமதிக் கடுதாசி தருவார்களாம், ஜேசுரட்ணம் அண்ணை சொன்னார்.

வாருங்கள். பிள்ளையைப் பார்க்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அண்ணி


லிண்டன்மோஸ்
07.06.1996

அண்ணிக்கு,

போட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கூச்சம் என்று காரணம் சொன்னேன். பத்திரிகைக்காரர் குதிரையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போனார்.

வெளிநாட்டவர் கந்தோரில் விண்ணப்பம், இவர்கள் சொல்லும் அன்ட்ராக், போட்டேன். காரணம் என்ற இடத்தில் ‘அண்ணன் கிறிஸ்தோப்பரின் நினைவுப் பூசை’ என்று என் கையாலேயே எழுதினேன். கந்தோர்காரன் மூன்று தரம் வாசித்தான். பிறகு எழும்பி நின்று என் கையைப் பிடித்து, “ஆழ்ந்த அனுதாபங்கள்” என்றான். மூன்று நாள் அனுமதி.

ஏழு மாதமாக, உயிரோடு இருக்கிறவன் கேட்டு ஒருவனும் ஒரு மணித்தியாலம்கூட வெளியே விடவில்லை. செத்தேன் என்றதும் மூன்று நாள்.

வாறன்.

யா


லிண்டன்மோஸ்
23.06.1996

மலர்,

சேர்ந்துவிட்டேன். நீர் கட்டித் தந்த ரோல்ஸை ரயிலில் சாப்பிட்டேன். சாவீட்டுச் சாப்பாடு என்று மிச்சம் வைக்கவில்லை.

கோயிலில் இரண்டாம் வாங்கில் இருந்தேன். “நமது சகோதரர் கிறிஸ்தோப்பரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக” என்று சுவாமியார் சொல்ல, பழக்கதோசத்தில் நானும் ஆமென் என்று சொல்லிவிட்டேன். மூன்று அடி தூரத்தில் கறுப்புச் சீலையோடு நீர். திரும்பிப் பார்க்கவில்லை. உமது பின்கழுத்தில் அந்த மச்சம் அப்படியே இருக்கிறது.

பூசை முடிந்து மண்டபத்தில் சனம் வரிசையாக வந்து என் கையைப் பிடித்தது. ஜேசுரட்ணம் அண்ணை, “உன்ரை அண்ணர் தங்கமான மனுசன்ரா” என்று கண்ணீர் விட்டார். அவருக்கு எல்லாம் தெரியும், மலர்! அவர் நடித்தாரா, அல்லது தான் எழுதிய கேஸைத் தானே நம்பிவிட்டாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பிறகு வீட்டில் லாரா என்னை அந்தப் படத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். கையைப் பிடித்துத்தான் கூட்டிப் போனாள். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “சித்தப்பா, உங்கட கண்ணுக்கு மேல தழும்பு இருக்கு. அப்பாக்கு இல்லை. அப்பா உங்களை விட வடிவு” என்றாள். அந்தத் தழும்பு எனக்குப் பத்து வயதில் வாய்க்கால் மதவில் விழுந்து வந்தது. கலியாணப் படத்தில் உமக்குப் பக்கத்தில் வடிவாக நிற்க வேண்டும் என்று, நானே ஒரு இரவு முழுக்க இருந்து தூரிகையால் தொட்டு அழித்தேன். என் மகளுக்கும் எனக்கும் நடுவில் இப்போது நிற்பது என் கைவேலைதான்.

ரயிலில் ஒன்பது மணித்தியாலம் யோசித்தேன். ஜேசுரட்ணம் அண்ணை போகும்போது காதுக்குள் சொன்னதை உமக்கும் சொல்லியிருப்பார். செத்தவனின் பெண்சாதியைத் தம்பி கட்டினால் சனமும் நல்லது என்று சொல்லும், சட்டமும் ஒன்றும் சொல்லாது, கட்டினால் என்னை உம்மோடு இருக்க விடுவார்கள் என்று. ஓம் என்று சொல்லப் போகிறேன். கலியாணப் பதிவுக்கு முதல் புருசனின் மரணச் சான்றிதழ் வேண்டுமாம். மடுவில் இருக்கும் அம்மாவுக்கு எழுதிவிட்டேன்.

எனக்கு அலுத்துவிட்டது, மலர். சித்தப்பாவாக எண்டாலும் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போக வேண்டும். அது போதும். கிறிஸ்தோப்பர் கிடக்கட்டும்.

யா


ஹம்
19.08.1996

உங்களுக்கு,

என்ன பேர் போட்டு எழுதுவது என்று தெரியாமல் இரண்டு மாதம் போய்விட்டது. மன்னியுங்கள்.

கேவலார் மாதா கோயிலுக்குப் போனேன். எங்கள் சனம் பஸ் பஸ்ஸாக வந்திருந்தது. செத்தவர்களுக்காக அழுகிற உத்தரிப்பு மாதத்தில்கூட அப்படி அழுதிருக்க மாட்டேன். ஒருக்கால் தேவசந்நிதியில் கட்டிய மனுசனை இன்னொரு பேரில் இன்னொருக்கால் கட்டுவது பாவமா என்று கேட்கக்கூட என்னால் ஒரு சுவாமியாரிடம் போக முடியவில்லை. என்னவென்று கேட்பேன்?

ஆனால் ஆசையாகவும் இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும். பூசையன்று நீங்கள் ரோல்ஸை இரண்டாகப் பிய்த்து, உள்ளே கறியை முதலில் தின்றதைப் பார்த்தேன். அப்படித் தின்கிற மனுசன் உலகத்தில் ஒருவர்தான். அன்றைக்குப் பிறகு என் சமையலறையில் நின்று வேலை செய்ய முடியவில்லை.

லாரா கேட்கிறாள், “சித்தப்பா எப்ப வருவார்?” என்று.

செய்யுங்கள். சான்றிதழ் வந்தால் அனுப்புங்கள். பதிவுக் கந்தோரில் நாள் குறித்து டெர்மின் எடுக்கிறேன்.

மலர்


லிண்டன்மோஸ்
20.10.1996

மலர்,

வந்துவிட்டது. இதோடு வைத்திருக்கிறேன், மடியாமல் அட்டை போட்டு.

நல்ல சான்றிதழ். முத்திரை எல்லாம் உண்மை. பேர் சரி, ஊர் சரி, தொழில் ‘புகைப்பட ஒப்பனை’ என்று போட்டிருக்கிறார்கள், அதுவும் சரி. இறந்த திகதி நீர் கேஸில் சொன்ன அதே ஜூன் பதினேழாம் திகதி. சாவை அறிவித்தவர் என்ற இடத்தில் அம்மாவின் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாகோப்பு கடலில் போனபோது எத்தனை பேர் சொன்னார்கள், பதியுங்கள், ஒரு பூசையாவது வையுங்கள் என்று. அவ மறுத்துவிட்டா. உடம்பு கரைக்கு வராமல் என் பிள்ளை செத்தான் என்று கையெழுத்து வைக்க மாட்டேன் என்றா. அதே அம்மா எனக்காகக் கையெழுத்து வைத்திருக்கிறா. நான் உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்தும், எனக்கு நல்லது என்று நான் எழுதியதால். எந்த மகனை நினைத்துக்கொண்டு வைத்தாவோ, எனக்குத் தெரியாது.

உதவியாள் வேலைக்கு அனுமதி தரவில்லை. ஆனாலும் கூட்டுகிற நேரத்தில் வீலண்ட் அம்மா என்னைத் தன் மேசைக்குக் கூப்பிடுவார். புது முகத்தை எடுத்துவிட்டுப் பழைய ராசாவை வெளியே கொண்டுவரலாமா என்று பார்த்தார்கள். ஏலாதாம். அடியில் ஒன்றும் இல்லை. தாள் வரைக்கும் சுரண்டியிருக்கிறார்கள். அதனால் புது முகத்தையே விட்டுவிடப் போகிறார்கள். “என்ன செய்யிறது, இப்ப இவர்தான் ராசா” என்றார்.

எனக்குத் துக்கமாக இருந்தது. பிறகு யோசித்தேன், குதிரை இருக்கிறதே, அது நடக்கிறதே. இந்த நாட்டில் கடுதாசிதான் அந்தக் குதிரை. அதற்கு மேல் யார் முகம் இருந்தால் என்ன? இவ்வளவு நாளும் கடிவாளத்தைப் பிடித்து நடந்தேன். இனி யாகோப்பின் முகத்தோடு ஏறி இருக்கிறேன்.

டெர்மின் எப்போது என்று எழுதும்.

யாகோப்பு


ஹம்
04.11.1996

லாராவின் அப்பாவுக்கு,

சான்றிதழ் வந்த அன்று அதை மேசையில் வைத்துவிட்டு, டெர்மினுக்கு என்ன உடுக்கலாம் என்று அலுமாரியைத் திறந்தேன். கறுப்புச் சீலை முன்னால் தொங்கியது. எனக்கு என்ன நடந்தது என்று தெரியாது. அந்தச் சீலையை இழுத்து எடுத்துக் குப்பைப் பெட்டியில் போட்டேன்.

நீங்கள் குதிரையைப் பார்த்து ஆறுதல் தேடுகிறீர்கள். எனக்கு அந்தக் குதிரையோடு ஒரு அலுவலும் இல்லை. தாள் வரைக்கும் சுரண்டி எறிந்தார்களே, அந்த மனுசனைத்தான் நான் கேட்கிறேன். சுரண்டினது நான். ஐந்து வருடமாக, ஞாயிறுக்கு ஞாயிறு, பிள்ளையின் கையில் மெழுகுதிரியைக் கொடுத்துச் சுரண்டினேன். இப்போது உங்கள் அம்மாவையும் பிடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டோம். உயிரோடு இருக்கிறவனுக்கு வருடாவருடம் பூசை. உண்மையாகச் செத்த பிள்ளைக்கு இந்த உலகத்தில் ஒரு மெழுகுதிரி இல்லை. அவன் பேரில் நீங்கள் என்னைக் கட்டினால் அவனுக்கு ஒரு நாளும் இருக்கப் போவதில்லை.

போன சனிக்கிழமை ஆத்துமாக்கள் திருநாள். பூசைக்கு முன் சுவாமியாரிடம் செத்தவர்களின் பேர் எழுதிக் கொடுப்போமே, அந்தத் துண்டில் இந்த முறை ‘யாகோப்பு, கிளாலிக் கடலில் இறந்தவர்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் எல்லோருக்கும் கேட்க வாசித்தார். ஜூனில் உங்கள் கையைப் பிடித்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். முழுக் கோயிலும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஜேசுரட்ணம் அண்ணை வெளியே வந்து, “பிள்ளை, உனக்கு விசரே?” என்று கத்தினார். “ஓம் அண்ணை” என்றேன். எனக்கு ஆறு வருடத்துக்குப் பிறகு மூச்சு விட முடிந்தது.

வீட்டுக்கு வந்து லாராவை மடியில் வைத்து, ஜூனில் வந்தவர்தான் அப்பா என்று சொன்னேன். அவள் இறங்கிப் போய்ப் படத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள், “அப்ப படத்தில ஏன் தழும்பு இல்லை?”

ஒரு பெண் லோயரைப் பார்த்தேன். அவ பொய் சொல்லவில்லை. என் அந்தஸ்து போகலாம் என்றா. நீங்கள் பேரை மாற்றிச் சொன்னதற்கும் கேள்வி வரும். ஆனால் நான் நம்பித்தான் சொன்னேன் என்று வாதாடலாம், நீங்கள் பூசாவில் இருந்தது உண்மை, அதை உங்கள் சொந்தப் பேரில்தான் நிரூபிக்க முடியும் என்றா. என்ன வரும் என்று அவவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இருபத்தைந்தாம் திகதி காலை அவவோடு கந்தோருக்குப் போக டெர்மின் எடுத்திருக்கிறேன். ஆனால் உங்களைக் கேட்காமல் ஒருமுறை உங்களைச் சாகடித்தவள் நான். இந்த முறை கேட்காமல் உயிர்ப்பிக்க மாட்டேன்.

அதனால்தான் இந்தக் கடிதத்தின் உறையில் உங்கள் சொந்தப் பேரை எழுதுகிறேன். ஹவுஸ்மைஸ்டர் வாசலில் நின்று அந்தப் பேரை வாசிப்பார். யாரும் கை தூக்காவிட்டால் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார். திரும்பி வந்தால் நான் கோபிக்க மாட்டேன். சான்றிதழ் இருக்கிறது, அதைக் கொண்டுபோய் யாகோப்பைக் கட்டுகிறேன்.

திரும்பி வராவிட்டால் இருபத்தைந்தாம் திகதி போகிறேன். லாராவும் வருகிறாளாம்.

உங்கள் மலர்


லிண்டன்மோஸ்
22.11.1996

மலர்,

மூன்று தரம் வாசித்தார். முதல் தரம் எனக்குக் கேட்டது. இரண்டாம் தரமும் கேட்டது. கையைத் தூக்கவில்லை. எதியோப்பியக்காரன் இந்த முறை இடிக்கவில்லை, அவனுக்குத் தெரியாதே. மூன்றாம் தரம் வாசித்துவிட்டு ஹவுஸ்மைஸ்டர் கடிதத்தைப் பைக்குள் வைக்கப் போனார். “நான்தான்” என்று கத்திவிட்டேன். வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். “நீ யாகோப் இல்லையா?” என்று கேட்டார். “யாகோப்பு என்ரை தம்பி. அவன் செத்துப்போனான்” என்றேன். மலர், அதைச் சொன்ன பிறகுதான் என் தம்பிக்காக நான் முதல் தரம் அழுதேன். வாசற்படியில் இருந்து, சின்னப் பிள்ளை மாதிரி.

கந்தோர்காரனிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். முகம் சிவந்துபோய்விட்டது. ஜூனில் அனுதாபம் சொன்னவன் அல்லவா. என் கடுதாசியைப் பறித்து வைத்துக்கொண்டு, உத்தரவு வரும்வரை ஹைமைவிட்டு அசையாதே என்று சொல்லியிருக்கிறான். அந்த மஞ்சள் பலகைக்குக்கூட இனிப் போக முடியாது. என்ன நடக்கும் என்று பயமாகத்தான் இருக்கிறது.

அதற்கு முதல் நாள் வீலண்ட் அம்மாவிடம் ஒன்று கேட்டிருந்தேன். அவர் பத்திரிகைக்காரரைத் திருப்பிக் கூப்பிட்டார். அந்தத் துண்டை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். பின்னால் வெள்ளைக் குதிரை, முன்னால் நான். கீழே கிறிஸ்தோப்பர் என்று போட்டிருக்கிறார்கள். கடைசி எழுத்து விழவில்லை, பரவாயில்லை. தொட்டு அழிக்க ஒருவரும் இல்லாததால் தழும்பு நன்றாகத் தெரிகிறது.

மேசையில் இருக்கிற படத்தை எடுத்துவிட்டு இதை வையும். லாராவிடம் சொல்லும், இதற்கு முன்னால் மெழுகுதிரி வேண்டாம்.

கிறிஸ்தோப்பர்